லைக்லிக்கு எத்தனை மார்க்?

ஜூலை 3

இன்று கமா அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய சூடு ஆறுவதற்குள்.

ஸ்கேன் டாக்டர்கள் தாங்கள் பார்த்ததை ஆங்கிலத்தில் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். மெத்தைக் கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னல் அறையில், காதில் ஹெட்போனும் காலடியில் பெடலுமாக உட்கார்ந்து நாங்கள் அதை ரிப்போர்ட்டாக டைப் செய்கிறோம். பெடலின் ஒரு பக்கத்தை மிதித்தால் பேச்சு ஓடும், மறுபக்கத்தை மிதித்தால் கொஞ்சம் பின்னால் போகும். கமா அக்கா எங்களுக்கு மேற்பார்வை. அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கமாகூடப் படியிறங்க முடியாது. பெயர் அப்படி வந்ததுதான்.

நான் செய்தது இது. ஒரு டாக்டர் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ‘பாசிபிள்’ என்று சொல்லியிருந்தார். ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் என் காதுக்குப் பிடிக்காது. ஆங்கில இலக்கியம் படித்ததில் மிச்சமானது அது ஒன்றுதான். இரண்டாவதை ‘ப்ராபபிள்’ என்று மாற்றினேன்.

அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார். “ஏன்டி, அழகு பாக்குறதுக்கு இது என்ன கல்யாணப் பத்திரிகையா?”

“ரெண்டும் ஒண்ணுதானேக்கா...”

“ஒண்ணா? அது ‘இருந்தாலும் இருக்கலாம்’. இது ‘இருக்குன்னுதான் தோணுது’. இத வாங்கிட்டுப் போறவ தூங்குறதும் தூங்காததும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்டி இருக்கு. சந்தேகம் டாக்டரோட சொத்து. கமா மட்டும்தான் நம்மளது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்படி ஒரு காகிதத்தை வாங்கிவந்து தூங்காமல் கிடப்பவள் நான்தான் என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 4

எழுதிவிட்டால் தலை கொஞ்சம் லேசாகலாம்.

என் மகள் உருண்டைக்கு இப்போது நான்கு மாதம். வயிற்றில் இருந்தபோதே அவளுடைய இடது சிறுநீரகத்தில் நீர் சேரும் பை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்றார்கள். பிறந்த பிறகும் ஸ்கேன் எடுத்தார்கள், போன மாதம் மறுபடி ஒன்று. ரிப்போர்ட்டின் முடிவில் இரண்டு வரி. முதல் வரி: ‘லைக்லி ஃபிசியலாஜிக்கல்’. பெரும்பாலும் இயல்பானது, தானாகச் சரியாகிவிடும். அடுத்த வரி: ‘அப்ஸ்ட்ரக்‌ஷன் கேனாட் பி எக்ஸ்க்ளூடட்’. அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

குழந்தைகள் டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஊசி வழியாக மருந்து செலுத்தி, அது சிறுநீரகத்திலிருந்து எப்படி இறங்குகிறது என்று படமெடுக்கும் சோதனை. அதை இப்போதே செய்யலாம். இல்லையென்றால் மூன்று மாதம் பொறுத்து இன்னொரு சாதாரண ஸ்கேன். “ரெண்டுமே தப்பில்ல. வீட்ல பேசிட்டு வந்து சொல்லுங்க.” தப்பில்லாத இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை.

நான் பொறுக்கலாம் என்கிறேன். காரணத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை.

காரணம் இதுதான். அந்த இரண்டாவது வரியை நான் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அது வால்! குழந்தைகளின் சிறுநீரக ஸ்கேன் வந்தால் டாக்டர்கள் கடைசியில் ‘யூஷுவல்’ என்று ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார்கள். நாங்கள் ஒரு பொத்தானைத் தட்டுவோம். ஏற்கெனவே எழுதி வைத்த பத்தி பொத்தென்று வந்து விழும். அதைத்தான் ஆபீசில் வால் என்போம். அந்த வாலின் கடைசி வரி இது. எத்தனை குழந்தைகளுக்கு என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன்!

“டாக்டர் யோசிச்சுச் சொன்னதில்லங்க. பொத்தான் சொன்னது” என்றேன்.

இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “உன் பொத்தானுக்கு எவ்வளவு தெரியும்?” என்றார்.

ஜூலை 6

‘லைக்லி’ என்றால் பத்துக்கு எத்தனை மார்க்? பார்த்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இவர்: ஆறு. லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஆயிற்றே, உடனே சேர்த்துக்கொண்டார். “எங்க வேலைல அந்த வார்த்தையே கிடையாது. பெரும்பாலும் நிக்கும்னு சொன்னா அந்த லிஃப்ட்ல நீ ஏறுவியா? போர்ட மாட்டிப் பூட்டிருவேன்.”

பக்கத்து நாற்காலி வாயாடி: பூஜ்யம். “போன வருஷம் ஒரு இன்டர்வியூல ‘வெரி லைக்லி’ன்னு கையைக் குலுக்கி அனுப்பினாங்க. நான் இன்னும் உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்.”

கமா அக்கா: எட்டு. ஏன் கேட்கிறாய் என்று கேட்டார். சும்மா என்றேன்.

மாமனார்: “சொல்றது யாருன்னு பாக்கணும்மா. ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னா மூணு. டீக்கடைக்காரர் சொன்னா எட்டு.” மாமா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் ஆபீஸ் போகும் நேரத்தில் உருண்டையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பால் குடித்து முடித்தாள் என்பதைக்கூட மைக்கில் சொல்வது போலத்தான் சொல்வார்.

ஒரே சொல். பூஜ்யத்திலிருந்து எட்டு வரை போகிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி உலகம் ஓடுகிறது?

ஜூலை 7

உருண்டை இன்று தன் கால் கட்டை விரலைக் கண்டுபிடித்தாள். அது அவளுடையதுதான் என்பதில் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

ஜூலை 11

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து பொறுக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். “சரிம்மா. காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கொண்டு வந்துடுங்க” என்றார். அந்த வாக்கியத்தில் ‘லைக்லி’ எதுவும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

போனை வைத்த பிறகு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக ஆர்வம்தான் வந்தது. வினோதமான மனசு எனக்கு. பயப்பட வேண்டிய நேரத்தில் அகராதியைத் திறந்து வைத்துக்கொள்கிறது.

‘மே’, ‘மைட்’, ‘குட்’, ‘பெர்ஹாப்ஸ்’, ‘பாசிப்ளி’, ‘ப்ராபப்ளி’, ‘லைக்லி’, ‘ஆல்மோஸ்ட் சர்ட்டன்’. ஒரு துணிக்கடையில் ஒரே நிறத்தில் எட்டுச் சாயல் எடுத்துப் போட்டது போல. கல்லூரியில் இதையெல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்பப் படித்தோம். ‘மைட்’ என்பது ‘மே’யை விடக் கொஞ்சம் இளைத்தது என்று மேடம் சொல்லிக் கொடுத்தார். ஏன் இளைத்தது, எத்தனை கிலோ இளைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

தமிழில் நாம் மட்டும் குறைச்சலா? ப்ளம்பர் ‘இதோ கிளம்பிட்டேன்’ என்றால் இன்னும் குளிக்கவில்லை. ‘பாக்கலாம்’ என்றால் முடியாது. ‘பாத்துச் சொல்றேன்’ என்றால் பார்க்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். ஆனால் இதில் யாரும் ஏமாறுவதில்லை. எல்லாருக்கும் விலை தெரியும். ஆங்கிலத்தில் அந்தக் காகிதத்தை வாங்கும்போதுதான் எனக்கு விலை தெரியாமல் போகிறது. அதைத் தினமும் டைப் செய்கிற எனக்கே!

ஜூலை 16

மாமாவை இன்று மடக்கினேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பழைய ஞாபகத்தில் அவளுக்கு ரயில் அறிவிப்பு செய்துகொண்டிருந்தார். “...வண்டி சற்றுத் தாமதமாக வந்துசேரும் என எதிர்பார்க்கப்படுகிறது.”

“எதிர்பார்க்கறது யாரு மாமா?”

“என்னது?”

“எதிர்பார்க்கப்படுகிறதுன்னு சொல்றீங்களே. யாரு எதிர்பார்க்கறாங்க? நீங்களா, ஸ்டேஷன் மாஸ்டரா?”

கொஞ்சம் யோசித்தார். “யாரும் இல்லம்மா. அதுக்குத்தான் அப்படிச் சொல்றது. நான் எதிர்பார்க்கறேன்னு சொன்னா, வண்டி வரலேன்னதும் என்னைத்தான அடிக்க வருவாங்க.”

வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. ‘கேனாட் பி எக்ஸ்க்ளூடட்’. இல்லை என்று சொல்லிவிட முடியாது. யாரால் முடியாது? அந்த வரியிலும் ஆளே இல்லை.

ஜூலை 21

பொத்தான் போட்டதுதான் என்று நான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. சில டாக்டர்கள் அதே வரியை வாயாலும் சொல்வார்கள். யோசித்து, நிறுத்தி, அந்தக் குழந்தைக்கென்று சொல்வார்கள். காகிதத்தில் இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் நிற்கும். வாயிலிருந்து வந்ததா, வாலிலிருந்து வந்ததா என்று எந்தத் தாயாலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்று மதியம் கமா அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உருண்டைக்கு ஸ்கேன் எடுத்த சென்டரின் பதிவுகள் எங்கள் ஆபீசுக்குத்தான் வருகின்றன, அவளுடைய பதிவை ஒரு முறை கேட்க முடியுமா என்றேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “முடியாதும்மா. உன் பொண்ணா இருந்தாலும் முடியாது. அந்த டாக்டர் நமக்குப் பேசல, மெஷினுக்குப் பேசுறாரு.” பிறகு தாழ்ந்த குரலில், “அதுவுமில்லாம, பழைய பதிவெல்லாம் அழிஞ்சிருக்கும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் டிபன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து என் மூடியில் வைத்தார். சாப்பிட்டேன்.

அந்த ரிப்போர்ட் போட்ட டாக்டரின் பெயரைப் பார்த்தால் இருமல் டாக்டர்! வரிக்கு ஒரு தரம் இருமுவார். முகம் பார்த்ததில்லை. வருஷக்கணக்காக என் காதுக்குள் இருமிக்கொண்டிருக்கும் மனிதர்.

ஜூலை 29

ஒரு கண்டுபிடிப்பு. யாரிடம் சொல்வது? இங்கே எழுதி வைக்கிறேன்.

உறுதிச் சொல்லைச் சேர்த்தால் உறுதி குறைகிறது!

‘அவன் வீட்டுக்குப் போயிட்டான்’ என்றால் போய்விட்டான். ‘கண்டிப்பா வீட்டுக்குப் போயிருப்பான்’ என்றால் எனக்குத் தெரியாது, கதவைப் போய்த் தட்டிப் பார். ஆங்கிலத்திலும் அச்சு அசல் இதேதான். ‘ஐ ஆம் ஷ்யூர் ஷி இஸ் ஃபைன்’ என்று சொல்பவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் ‘ஷி இஸ் ஃபைன்’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

அப்படியென்றால் எனக்கு இதுவரை போன் செய்து ‘நிச்சயமா ஒண்ணும் இருக்காது’ என்று சொன்ன சொந்தக்காரர்கள் அத்தனை பேரும்...

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. வேறு என்ன சொல்வார்கள்?

ஜூலை 30

இவரிடம் அந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னேன். நட்டு, போல்ட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, “நீ என்கிட்ட ‘கண்டிப்பா அது வால்தாங்க’ன்னு எத்தனை தடவ சொன்னேன்னு தெரியுமா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தைத்தது.

ஆகஸ்ட் 5

காய்ச்சல். காலைலயே உடம்பு சுட்டுச்சு. சட்டை மாத்தினேன், ஃபேனைப் போட்டேன், வெயில்னு நெனச்சேன் — ஏன் நெனச்சேன்? யோசிக்காம கொண்டு வாங்கன்னு சொன்னாங்கல்ல, நான் ஏன் யோசிச்சேன்? மாமாதான் “அம்மா, குழந்தை அழற சத்தம் சரியில்ல” என்றார். அறிவிப்புக் குரலே இல்லை, அவருடைய சொந்தக் குரல். ஆட்டோவில் போகும்போது என் கழுத்தில் அவள் மூச்சு அடுப்பு மாதிரி இருந்துச்சு.

சிறுநீரில் கிருமி. வார்டில் சேர்த்துவிட்டார்கள். பிஞ்சுக் கையில் ஊசிக்கு நரம்பு கிடைக்கவில்லை. இவர் வேலை உடுப்போடு, கை முழுக்க கிரீஸோடு ஓடிவந்தார். அவளைத் தொடக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அந்த வரியை நான் தள்ளிவிட்டேன். நான்தான்.

ஆகஸ்ட் 8

காய்ச்சல் இறங்கிவிட்டது. சிரிக்கவில்லை, ஆனால் கட்டிலுக்கு மேலே ஓடும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். “அன்னிக்கே அந்த டெஸ்ட்டச் செஞ்சிருந்தா காய்ச்சல் வந்திருக்காதா?”

“வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். டெஸ்ட் காய்ச்சலத் தடுக்காதும்மா.”

“அப்ப நான் செஞ்சது தப்பில்லையா?”

“அன்னிக்கு உங்க கைல இருந்தத வெச்சுப் பாத்தா தப்பில்ல.” நோயாளிகள் பட்டியலைப் புரட்டாமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

என் கையில் இருந்தது ஒரு வால். நாளைக்கு மறுபடி ஸ்கேன்.

ஆகஸ்ட் 9

இன்று நடந்ததை முழுக்க எழுதிவிட வேண்டும்.

வார்டிலிருந்து கீழ்த் தளத்துக்கு உருண்டையைத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த சென்டர் இதே கட்டடத்தில்தான் இருக்கிறது. ஜெல் குளிர்ச்சியாக இருந்ததில் அவள் வீறிட்டாள். இவர் லிஃப்ட் சாவிக் கொத்தைக் கிலுகிலுவென்று ஆட்டிக் காட்டினார். ஸ்கேன் செய்த டாக்டர் மெலிந்தவர், வாயை மூடும் முகக்கவசம். ஒன்றுமே பேசவில்லை. முடிந்ததும் நர்ஸ் எங்களைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொன்னாள். நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் இருமல்.

கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இருமலை எனக்குத் தெரியும். வலது காதில் கொஞ்சம் அதிகமாகக் கேட்கும், ஹெட்போன் அப்படி.

மெஷினுக்குப் பேச ஆரம்பித்தார். இடது பக்கம், அளவு, முன்பைவிட அதிகம். பிறகு, ‘லைக்லி’ என்றார். நிறுத்தினார். இருமினார். “இல்ல, அத எடுத்துடுங்க” என்று தமிழிலேயே சொன்னார். யாரிடம்? எங்களில் ஒருத்தியிடம். மறுபடி மௌனம். என் கால் தானாகத் தரையை மிதித்தது, பின்னால் போய் இன்னொரு தரம் கேட்க. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, ‘ப்ராபபிள் அப்ஸ்ட்ரக்‌ஷன்’ என்றார்.

அந்த மௌனம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. ‘எடுத்துடுங்க’ என்றால் நாங்கள் எடுத்துவிடுவோம். தடுமாறிய இடங்களையெல்லாம் வழித்துத் துடைத்து, பளபளவென்று ஒரே தீர்மானமாகச் சொன்னது போல ஆக்கி அனுப்புவோம். அதுதான் எங்கள் வேலை. வாங்கிப் படிக்கிறவர்களுக்கு அந்த மனிதர் ஒரு சொல்லுக்காக எவ்வளவு நேரம் திண்டாடினார் என்பது தெரியாது.

வெளியே வந்தவரை மறித்துவிட்டேன். இவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். விடவில்லை.

“டாக்டர், போன ரிப்போர்ட்ல கடைசி வரி, அடைப்பு இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு இருந்துச்சே, அது நீங்க வாயால சொன்னதா? இல்ல யூஷுவலா?”

முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். “நீங்க டைப்பிங்கா?”

“ஆமா டாக்டர். வருஷக்கணக்கா உங்க இருமலக் கேக்குறேன்.”

சிரித்தார். அதில் மறுபடி இருமல். பிறகு சிரிப்பு போய்விட்டது. “போன தடவ சொன்னது ஞாபகத்துல இல்லம்மா. ஆனா யூஷுவல்னுதான் சொல்லியிருப்பேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் அந்த வரிய நம்பல.”

அவர் உருண்டையைப் பார்த்தார். “எல்லாக் குழந்தைக்கும் அது உண்மைங்கறதாலதானம்மா அது யூஷுவல் ஆச்சு.”

அவ்வளவுதான். அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

என் ஊகம் சரி. அது பொத்தான் போட்டதுதான். ஆனால் பொத்தான் போட்டால் பொய் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். தினமும் ஒட்டி ஒட்டிக் கைக்குப் பழகிப்போன வரிக்கு அர்த்தமே இருக்காது என்று நினைத்துவிட்டேன். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அந்த வரியைப் படித்துப் பயந்திருப்பாள். பயந்திருந்தால் சோதனைக்குச் சம்மதித்திருப்பாள். எனக்குத்தான் விஷயம் தெரியுமே!

திரும்பும்போது லிஃப்டில் ஏறியதும் இவர் கதவு மூடும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார், எப்போதும் போல.

ஆகஸ்ட் 22

ஊசிச் சோதனை முடிந்தது. நான் பயந்த அளவுக்கு இல்லை. உருண்டை பாதியில் தூங்கிவிட்டாள்.

இறங்க வேண்டிய மருந்து இறங்கவில்லை. இந்த ரிப்போர்ட்டில் ‘கன்சிஸ்டென்ட் வித்’ என்று வருகிறது. அடைப்பு என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்துகிறது என்று அர்த்தம். எத்தனை மார்க்? யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28

அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்த்தோம். சின்னக் குழாய், அது குறுகியிருக்கும் இடத்தை வெட்டியெடுத்துவிட்டுத் தைப்பார்களாம். ஒரு தாளின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார், நன்றாகவே வரைகிறார்.

“இது சரியாயிடுமா டாக்டர்?” என்று இவர் கேட்டார். போர்டு மாட்டிப் பூட்டுகிற மனிதர், இவ்வளவு மெதுவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு குழந்தைங்களுக்கு முதல் தடவையிலேயே சரியாயிடும்.”

இதோ, மாதக்கணக்கில் நான் தேடிக்கொண்டிருந்தது. எண்! குழப்பமில்லாத எண். வாயாடிக்கும் கமா அக்காவுக்கும் ஒரே மாதிரிப் புரியும் எண். சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அவளுடைய சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உருண்டை தொண்ணூற்றைந்தில் ஒருத்தியா, அந்த ஐந்தில் ஒருத்தியா? அதற்கு எண்ணிடம் பதில் இல்லை. எண் நூறு பேரைப் பற்றித்தான் பேசுகிறது. என்னிடம் இருப்பது ஒருத்தி.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நான் ஒண்ணு சொல்லவா? உன்கிட்ட ஒரு தடவ பெரிசா பீத்திக்கிட்டேன், எங்க வேலைல பெரும்பாலும்ங்கறதே கிடையாதுன்னு. பொய். லிஃப்டத் தூக்குற ஒவ்வொரு கயிறும் பெரும்பாலும்தான். அதனாலதான் ஒரு கயிறு போட வேண்டிய எடத்துல நாலு போடுறோம்.”

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ என்னோட லிஃப்ட்ல வருவியா?”

ரொம்ப நாள் கழித்துச் சேர்ந்து சிரித்தோம்.

செப்டம்பர் 12

உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். மாமா வராந்தாவில் வாய்க்குள்ளேயே ஏதோ அறிவிக்கிறார். எழுத முடியல.

செப்டம்பர் 12, பிறகு

முடிஞ்சுது. டாக்டர் வெளில வந்து, “முடிஞ்சுது, நல்லா இருக்கா”ன்னார். அவ்வளவுதான் சொன்னார். வேற ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல. நான் அந்தச் சுவரப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

செப்டம்பர் 25

வீட்டில் இருக்கிறோம். விலாவில் மெல்லிய கோடு. மாமா அவளைத் தூக்க இன்னும் பயப்படுகிறார், தூக்காமலும் இருக்க முடியவில்லை அவரால்.

அக்டோபர் 20

ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன். பெடலுக்குக் கீழே யாரோ மெத்தைக் கடைப் பஞ்சு ஒரு துண்டு வைத்திருக்கிறார்கள், வழுக்காமல் இருக்க.

குழந்தைகளின் சிறுநீரக ஸ்கேன் ஒன்று வந்தது. வேறொரு டாக்டர். கடைசியில் ‘யூஷுவல்’ என்றார். விரல் பொத்தானுக்குப் போனது. தட்டினேன், பத்தி விழுந்தது. வேலை வேலைதான், நான் மாற்ற முடியாது. ஆனால் அந்தக் கடைசி வரியை ஒருமுறை முழுக்கப் படித்தேன், வாய்க்குள். அந்தக் குழந்தையின் வயது இரண்டு மாதம். பிறகுதான் அனுப்பினேன்.

கமா அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். “என்னடி, ஜெபம் பண்றியா?”

“வால் சரியா ஒட்டியிருக்கான்னு பாக்குறேன்க்கா.”

“பாரு, பாரு” என்றார். வேகம் குறைந்துவிட்டது என்று திட்டுவார் என நினைத்தேன். திட்டவில்லை.

டிசம்பர் 18

ஸ்கேன். வீக்கம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை. இருமல் டாக்டர்தான். என்னைப் பார்த்ததும், “உங்களுக்குத்தான் திரையே தேவையில்லையே” என்று எங்கள் முன்னாலேயே பேசிப் பதிவுசெய்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, என்னை ஒரு பார்வை பார்த்து, பிறகு சொன்னார். ‘லைக்லி டு இம்ப்ரூவ் ஃபர்தர்.’ பெரும்பாலும் இன்னும் சரியாகிவரும்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார். “இப்ப சொல்லு, எத்தனை மார்க்?”

“அவர் வாயால சொன்னார்ல, அது போதும்” என்றேன்.

ஜனவரி 14

மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் மாலையில் இறங்கி வந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். உருண்டையின் விலாக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தாள். சொன்னேன்.

“ஐயோ. இப்ப பாப்பாவுக்கு முழுசா சரியாயிடுச்சாங்க்கா?”

“அநேகமா ஆயிடுச்சு” என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. கையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். அது எவ்வளவு நல்ல வார்த்தை என்று அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். அதற்குள் உருண்டை அவளுடைய செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு படிக்கட்டை நோக்கித் தவழ்ந்துவிட்டாள். இரண்டு பேரும் எழுந்து ஓடினோம்.